கெட்ட சேதி மூன்று மேசை தாண்ட ஆறு வாரம்

சம்பளக் கணக்குக்கு ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். கோலாலம்பூரில் பங்சார் பக்கம் ஒரு சின்ன அலுவலகம், எல்லாரையும் சேர்த்தால் இருபது பேர், நிறுவனத்தின் பேர் இப்போது வேண்டாம். இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதிப் பிடித்தத்தைக் கணக்கிடும் பகுதி என் தலையில் விழுந்தது. தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13, சம்பளம் 5,000 வெள்ளியைத் தாண்டினால் முதலாளிக்கு 12. இதில் என்ன இருக்கிறது, சம்பளத்தை 0.11 ஆல் பெருக்கினால் தீர்ந்தது என்று அரை நாளில் எழுதி முடித்துவிட்டு, நிம்மதியாகக் கீழே மாமாக் கடைக்குப் போய் மீ கோரெங் சாப்பிட்டேன்.

இபிஎஃப் அப்படிப் பெருக்கிப் பார்ப்பதில்லை. சட்டத்தில் மூன்றாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. சம்பளத்தை 5,000 வெள்ளி வரை இருபது இருபது வெள்ளியாகவும், அதற்கு மேல் 20,000 வரை நூறு நூறாகவும் படி கட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் சம்பளம் எந்தப் படியில் விழுகிறதோ அந்தப் படியின் உச்சத்துக்குத்தான் விழுக்காடு, காசு மிஞ்சினால் அடுத்த வெள்ளிக்கு ஏற்றிவிடுவார்கள். 2,510 வெள்ளி சம்பளக்காரருக்கு என் கோட், அதாவது நான் எழுதிய நிரல், 276 வெள்ளி 10 காசு பிடித்தது. அட்டவணைப்படி 278 வெள்ளி. வித்தியாசம் இரண்டு வெள்ளிகூட இல்லைதான். ஆனால் முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஆளுக்கு ஒரு வெள்ளி, ஒன்றரை வெள்ளி என்று தப்பினால் அந்த மாதக் கணக்கு எங்கேயும் ஒட்டாது.

வாடிக்கையாளர் தன் பழைய சம்பள ஸ்லிப்பையும் எங்கள் ஸ்லிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் மாட்டினோம். அதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது. தப்பு எல்லாரும் செய்வதுதான், அது போகட்டும். இன்றைக்கும் உறுத்துவது வேறு. என் மேசையிலிருந்து மூன்று மேசை தள்ளி எங்கள் கணக்குப் பிரிவு அக்கா உட்கார்ந்திருந்தார். அந்த அட்டவணையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து வருடக்கணக்காகச் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தவர். டெஸ்டிங்குக்கு உதவச் சொல்லி நாங்களே அவரைக் கேட்டிருந்தோம். முதல் வாரத்தில் ஒரு நாள் என்னிடம் வந்து, "தம்பி, இந்தப் பட்டன நீ ஏன் கீழ வச்சிருக்க, மேல இருந்தா சுலபமா இருக்குமே" என்றார். எனக்குக் காதில் ஹெட்ஃபோன். திரும்பிப் பார்க்காமலே, "ஸ்பெக்ல அப்படித்தான்க்கா இருக்கு" என்றேன். ஸ்பெக் என்றால் மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த குறிப்பு.

எல்லாம் வெடித்த பிறகு போய்க் கேட்டேன், அக்கா, நீங்கள் இதைப் பார்க்கவே இல்லையா என்று. "ரெண்டாவது வாரமே பாத்தேன் தம்பி. நீங்க வேலையா இருந்தீங்க" என்றார்.

'நீ' எப்போதோ 'நீங்க' ஆகிவிட்டிருந்தது. எந்த நாளில் மாறியது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இதை இப்போது எடுப்பதற்குக் காரணம், பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு பையன் போன மாதம் கேட்ட கேள்வி. "அண்ணே, எந்த இண்டர்வியூ போனாலும் சாஃப்ட் ஸ்கில், சாஃப்ட் ஸ்கில்ங்கிறாங்க. கோட் எழுதறவனுக்கு அது எதுக்கு?" அவன் கேட்டது நியாயம்தான், ஏனென்றால் அவனுக்கு அதைச் சொல்லித்தந்த விதம் அப்படி. நம் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு உயர்கல்வி அமைச்சு 2006இல் இதற்கென்றே ஒரு பாடத்திட்டம் கொண்டு வந்தது, மலாயில் 'கெமாஹிரான் இன்சானியா'. இன்சான் என்றால் மனிதர். பேர் என்னவோ நல்ல பேர்தான். ஆங்கிலத்தில் 'சாஃப்ட்' என்ற பேர் அமெரிக்க ராணுவத்தில் 1970களின் தொடக்கத்தில் புழங்கிப் பரவியது. டாங்கி, துப்பாக்கி என்று இரும்பைக் கையாளும் வேலை ஒரு பக்கம், ஆட்களையும் காகிதத்தையும் கையாளும் வேலை மறுபக்கம் என்று பிரித்து வைத்த பேர். அது நம்மிடம் வந்து சேர்வதற்குள் சிரித்துப் பேசுவது, நிமிர்ந்து உட்காருவது, பவர்பாயிண்டில் படம் போடுவது என்று ஆகிவிட்டது. ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி கொடுப்பார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாயச் சொல்வார்கள், பஃபே நன்றாக இருக்கும்.

என்னைக் கேட்டால், ஒரு டெவலப்பருக்கு மனிதர்களோடு பழகத் தெரியுமா என்று பார்க்க ஒரே ஒரு அளவுகோல்தான் வைப்பேன். கெட்ட சேதி அவரிடம் எத்தனை நாளில் வந்து சேர்கிறது, அவரிடமிருந்து எத்தனை நாளில் வெளியே போகிறது. என்னிடம் வர ஆறு வாரம் எடுத்தது. அப்படியென்றால் அன்றைக்கு நான் எந்த லட்சணத்தில் இருந்தேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இது எல்லா வேலைக்கும் பொருந்துமே, மென்பொருளுக்கு மட்டும் என்ன என்று கேட்கலாம். எங்கள் அம்மா பாயான் லெப்பாஸில் ஆபரேட்டர் வேலை பார்த்தவர். 1972இல் அங்கே தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கி, இண்டெல் மாதிரி பெரிய கம்பெனிகள் வந்து இறங்கி, பினாங்கில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு எரிந்ததே, அதில் எங்கள் அடுப்பும் ஒன்று. பிறையிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் பாலம் தாண்டிப் போவார். ஷிஃப்ட் முடிந்தும் பத்து நிமிடம் நின்று, அடுத்து வரும் ஆளிடம் மூன்றாவது மெஷின் இன்றைக்கு ஒரு மாதிரி சத்தம் போடுகிறது, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவாராம். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அவர் சொல்லாமல் போயிருந்தாலும் முழுசாக ஒன்றும் முழுகிப் போயிருக்காது, ஏனென்றால் மெஷின் சத்தம் போடும், கழிவுத் தட்டு நிறையும், பக்கத்தில் போகிறவன் கண்ணில் படும். மென்பொருளில் அந்தத் தட்டு கிடையாது. தப்பான கோடும் சரியான கோடும் திரையில் ஒரே மாதிரி அமைதியாக இருக்கும், ஓடவும் செய்யும். யாராவது வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

அதோடு ஆள் கூடக்கூடச் சொல்ல வேண்டிய வழிகளும் கூடுகின்றன. ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத்தை எழுதும் பெரிய வேலையை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975இல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். ஐந்து பேர் என்றால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 இணைப்பு. பத்துப் பேர் என்றால் 45. பதினைந்து பேர் என்றால் 105. தாமதமாகிவிட்ட வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று அவர் சொன்னதற்கு இது ஒரு காரணம், புது ஆளுக்கு வேலை கற்றுத்தர பழைய ஆளின் நேரம் போவது இன்னொன்று. ஐம்பது வருடமாக எல்லா மேனேஜரும் இதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள், அப்புறம் டெட்லைன் நெருங்கியதும் நாலு பேரைக் கூடப் போடுகிறார்கள்.

அதற்கும் முன்னால் மெல்வின் கான்வே என்பவர் ஒன்று சொன்னார். ஒரு நிறுவனத்தில் யார் யாரோடு பேசுகிறார்களோ அந்த அமைப்பு அப்படியே அவர்கள் செய்யும் மென்பொருளிலும் வந்து உட்காரும் என்பது அவர் கருத்து. ஒரு பெரிய வணிக இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட, 1968 ஏப்ரலில் டேட்டாமேஷன் என்ற கணினி இதழில் வெளியானது. படிக்கும்போது சும்மா ஒரு தத்துவம் மாதிரி இருக்கும். எனக்கு அது புரிந்தது நம்மவர் பேரால்.

நான் வேலை செய்த இன்னொரு இடத்தில், பேர் வேண்டாம், இரண்டு மாடியில் இரண்டு குழு. மேல்மாடி ஊழியர் விவரத்தைப் பதிந்து வைக்கும், கீழ்மாடி சம்பள ஸ்லிப்பை அடித்துக் கோப்பாகச் சேமிக்கும். இரண்டு குழுத் தலைவர்களுக்கும் ஏதோ பழைய மனஸ்தாபம், லிஃப்டில் பார்த்தால்கூடப் பேசமாட்டார்கள். மேல்மாடி அடையாள அட்டையில் இருக்கிறபடி முழுப் பேரையும் அப்படியே வைத்தது. கீழ்மாடி அந்தப் பேரையே எடுத்துக் கோப்புக்குப் பேராக வைத்தது. முதல் மாதம் ஓட்டிப் பார்த்தால் மலாய்க்காரர் ஸ்லிப் எல்லாம் வந்துவிட்டது, சீனர் ஸ்லிப் எல்லாம் வந்துவிட்டது, இந்தியர் ஸ்லிப் பெரும்பாலும் காணோம். அட்டையில் நமக்கு இன்னாரின் மகன், மகள் என்பதற்கு 'ஏ/எல்', 'ஏ/பி' என்று நடுவில் ஒரு சாய்கோடு இருக்கிறதல்லவா, கணினிக்கு அந்தச் சாய்கோடு என்றால் இன்னொரு கோப்புறைக்குள் போ என்று அர்த்தம். இல்லாத கோப்புறையைத் தேடிப் போய் ஸ்லிப்பெல்லாம் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் இரண்டு மாடியும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருந்திருக்கும். அங்கே இருந்த தமிழர் யாரையாவது கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள், ஏனென்றால் அந்தச் சாய்கோட்டால் பாரம் நிரப்புவதிலிருந்து விமான டிக்கெட் வரை படாத பாடு பட்டவர்கள் நாம்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 1998 டிசம்பரில் நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் 1999 செப்டம்பர் 23ஆம் தேதி செவ்வாய்க்குப் பக்கத்தில் போய்க் காணாமல் போனது. விண்கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் தரப்பு மென்பொருள் உந்துவிசையைப் பவுண்டுக் கணக்கில் கொடுக்க, அதை வழிநடத்திய நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் அதை நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்டது, ஒன்றுக்கு 4.45 மடங்கு வித்தியாசம். இந்தப் பாதியைக் கல்லூரியில் எல்லாரும் சொல்லித்தருவார்கள். மறுபாதி என்னவென்றால், பாதையைக் கண்காணித்தவர்களுக்கு எண்கள் சரியாக ஒட்டவில்லை என்ற சந்தேகம் முன்னாலேயே வந்திருந்தது. அதை மின்னஞ்சலிலும் வாய்ப்பேச்சிலும் சொன்னார்கள், முறையான வழியில் பதிவாகவில்லை, யாரும் விடாமல் பின்தொடரவும் இல்லை. குழுக்களுக்கு நடுவில் பேச்சு போதவில்லை என்று விசாரணைக் குழுவும் எழுதி வைத்தது. அந்தக் கணக்குப் பிரிவு அக்காவை நினைத்துக்கொண்டுதான் நான் அதைப் படித்தேன்.

சரி, இங்கே நம் ஊரில் இது இன்னும் சிக்கலாவது மொழியால். கோலாலம்பூர் அலுவலகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மீட்டிங் ஆங்கிலத்தில், அரசாங்க வாடிக்கையாளர் வந்தால் மலாயில், இரண்டு சீன நண்பர்கள் தங்களுக்குள் காண்டனீஸில், பேன்ட்ரியில் நாம் இரண்டு பேர் தமிழில். எல்லாருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை இருக்கிறது: 'கேன்'. வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா? கேன். இந்த ஒரு சொல்லுக்கு நான் இதுவரை கண்ட பொருள்கள்: முடியும்; முயற்சி பண்ணுகிறேன்; முடியாது, ஆனால் இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது; கேள்வி சரியாக விளங்கவில்லை; எனக்குப் பசிக்கிறது, மீட்டிங்கை முடியுங்கள். 'கேன் லா' என்றால் கொஞ்சம் நம்பலாம். பதில் வருவதற்கு முன்னால் அரை நொடி மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டால் வெள்ளிக்கிழமையை மறந்துவிட வேண்டியதுதான்.

நம் 'சரி' மட்டும் என்ன ஒழுங்கா? அம்மா ஃபோனில் அரை மணி நேரம் பேசும்போது நாம் இருபது தடவை சரி சொல்கிறோமே, அது ஒப்புக்கொண்டதாகவா அர்த்தம்? காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள், அவ்வளவுதான். சென்னையில் இருந்த ஒரு குழுவோடு இரண்டு வருடம் வேலை செய்தேன். இரண்டரை மணி நேர வித்தியாசம், இருபக்கமும் தமிழ், ஆகவே குழப்பமே வராது என்று நினைத்தேன். அவர்கள் 'பண்ணிடலாம்' என்பார்கள், நான் அதை வாக்குறுதியாகக் குறித்துக்கொள்வேன். அவர்களுக்கு அது ஒரு நல்லெண்ணம். நான் 'கேன்' என்று எழுதுவேன், அவர்கள் என் தமிழையே சந்தேகப்பட்டிருப்பார்கள். நாலு மாதம் கழித்துத்தான் கேள்வியை மாற்றினேன். முடியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, நாளைக் காலையில் முதலில் எதைத் தொடுவீர்கள், இதில் எது உங்களுக்கு இடிக்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். இதற்கு 'பண்ணிடலாம்' என்று பதில் சொல்ல முடியாது. அன்றைக்குத்தான் அந்தப் பக்கம் ஒருவர், சார், உண்மையைச் சொன்னால் அந்த டேட்டாபேஸ் எங்களுக்கு இன்னும் அனுமதியே தரவில்லை என்றார். எத்தனை நாளாக? பதினோரு நாளாக.

ஒரு சொல்லை விசாரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018ஐவிட நல்ல உதாரணம் நம் நாட்டில் இல்லை. 2015 ஏப்ரல் 1ஆம் தேதி 6 விழுக்காட்டில் வந்த ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரி, 2018 மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியதும், ஜூன் 1 முதல் பூஜ்யம் என்று மே 16ஆம் தேதி அறிவித்தார்கள். இரண்டு வாரம்தான். நாடு முழுக்கக் கடைக் கணினியில் உட்கார்ந்திருந்த டெவலப்பர்களுக்கு அந்த இரண்டு வாரம் தூக்கம் கிடையாது. ஊரெல்லாம் ஒரே பேச்சு, ஜிஎஸ்டி போயாச்சு என்று. தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு உற்சாகத்தில் வரி கணக்கிடும் பகுதியையே கோடிலிருந்து தூக்கி எறிந்தவர்கள் உண்டு, எங்களோடு வேலை பார்த்த ஒருவரே தூக்கி எறிந்தார். ஆனால் ஜிஎஸ்டி போகவில்லை, விகிதம்தான் பூஜ்யமானது. விலைப்பட்டியலில் வரி இருக்க வேண்டும், 0 என்று. கணக்கும் வழக்கம்போலச் சுங்கத்துறைக்குப் போக வேண்டும். அது முழுதாகப் போய் எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரி வந்தது செப்டம்பர் 1ஆம் தேதி.

கிள்ளானில் ஒரு ஹார்ட்வேர் கடை எங்கள் வாடிக்கையாளர். கடை முதலாளியான தவுக்கே பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, அவருக்கு அன்று சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கல்லாவில் இருந்த பெண்தான் மலாயில் ஒரு கேள்வி கேட்டார்: ஏப்ரலில் 6 விழுக்காடு வரியோடு வாங்கிய பெயிண்ட் டின்னை ஒருவர் ஜூனில் திருப்பிக் கொண்டுவந்தால் எவ்வளவு கொடுப்பது? நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கு விற்ற விகிதத்தில்தான் திருப்ப வேண்டும், ஆகவே பழைய 6ஐக் கணினி மறக்கவே கூடாது. இது எந்த ஸ்பெக்கிலும் இல்லை. அந்தப் பெண்ணின் பதவி கேஷியர், சம்பளம் என்ன பெரிதாக இருந்திருக்கும், ஆனால் அந்த வாரத்தில் நான் கேட்ட சிறந்த கேள்வி அவருடையது. நாங்கள் தவுக்கேயிடம் மட்டும் பேசிவிட்டு, தே தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தால் அது எங்களுக்குக் கிடைத்தே இருக்காது.

இனி எங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பார்ப்போம், அதில் கோட் ரிவ்யூதான் பெரிய கண்டம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துவிட்டுக் குறிப்பு எழுதுவது. எழுத்தில் குரல் இல்லை, முகம் இல்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஈப்போ சீனப் பெண் ஒருவர் எழுதியதைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் மூன்றே வார்த்தை எழுதினேன், தமிழில் சொன்னால் 'ஏன் இப்படி?' என்று வரும். நிஜமாகவே எனக்குக் காரணம் தெரியவேண்டியிருந்தது, அந்த வழி எனக்குப் புதிது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் அந்தப் பெண் சனி ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து முழுப் பகுதியையும் வேறு மாதிரி மாற்றி எழுதியிருந்தார். முன்னதுதான் நன்றாக இருந்தது. தமிழில் நேரில் கேட்டிருந்தால் 'ஏன்'னை இழுத்துக் கேட்கிறேனா வெட்டிக் கேட்கிறேனா என்பதிலேயே விஷயம் தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கிறேன், இது எனக்குத் தெரியாது, விளக்க முடியுமா என்று. பத்து நொடி ஆகிறது.

லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த விஷயத்தில் பேர் போனவர். வருடக்கணக்காக மற்றவர் கோடைப் பார்த்து அவர் எழுதிய வசவுகள் உலகப் புகழ். அவர் திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை, அதனாலேயே பல பேர், பார்த்தீர்களா, திறமை இருந்தால் நாக்கு எப்படியும் இருக்கலாம் என்று அவரை உதாரணம் காட்டுவார்கள். அந்த உதாரணமே 2018 செப்டம்பரில், தன் நடத்தைக்காக மன்னிப்புக் கேட்டு, மனிதர்களின் உணர்வைப் புரிந்துகொள்ள உதவி தேடப்போகிறேன் என்று எழுதிவிட்டுச் சில வாரம் ஒதுங்கிப் போனது. திட்டு வாங்கியவர்களைவிட, திட்டுக்குப் பயந்து தங்கள் கோடை அனுப்பாமலே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்பதுதான் எனக்குக் கேள்வி. அவர்களை யாரும் எண்ண முடியாது.

நம்மிடம் திட்டு குறைவு, மரியாதை அதிகம், முடிவு ஒன்றுதான். என்னை 'அண்ணே' என்று கூப்பிடும் தம்பி, அண்ணே நீங்கள் எழுதியது தப்பு என்று எப்படிச் சொல்வான்? வாய் வராது. சுற்றி வளைத்து, "அண்ணே, இந்த எடத்துல... இல்ல, எனக்குத்தான் வெளங்கலையோ என்னவோ" என்பான். இந்த 'எனக்குத்தான் வெளங்கலையோ' காதில் விழுந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவது என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் அவனுக்கு நன்றாகவே விளங்கியிருக்கும், எனக்குத்தான் விளங்கியிருக்காது. 'அண்ணே'யை விட்டுவிட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடு என்று வெள்ளைக்காரக் கம்பெனி மாதிரி நாமும் சொல்லலாம்தான், ஆனால் அந்தப் பையனுக்குக் கூச்சம் இரண்டு மடங்காகும். அதே 'அண்ணே'தான் ராத்திரி பத்து மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டே, அண்ணே ஒன்று சொல்ல வேண்டும் என்று உண்மையைக் கொண்டுவருவதும். முக்கால்வாசி பக், அதாவது கோடில் உள்ள தப்பு, எனக்குத் தெரியவந்தது அலுவலகத்தில் இல்லை.

இதை ஆராய்ந்து பார்த்தவர்களும் உண்டு. ஹார்வர்டில் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தப்புகளைப் பற்றி ஆய்வு செய்தார். நல்ல குழுவில் தப்பு குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ஏட்டைப் பார்த்தால் நல்ல குழுக்களில்தான் தப்பு அதிகம் பதிவாகியிருந்தது. காரணம் அவர்கள் அதிகம் தப்பு செய்தது இல்லை, செய்ததைப் பயமில்லாமல் வெளியே சொன்னது. மற்ற இடங்களில் அது அப்படியே அமுங்கிவிடும். 1999இல் அவர் இதை உளவியல் பாதுகாப்பு என்ற பேரில் விரித்து எழுதினார். பிற்பாடு கூகுள் தன் 180 குழுக்களை ஆராய்ந்து, நன்றாக வேலை செய்யும் குழு எது என்று தேடியபோது முதலிடத்தில் வந்து நின்றதும் அதுவே. ஆள் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைவிட, தப்பைச் சொன்னால் தலை போகாது என்ற நம்பிக்கை இருக்கிறதா என்பது பெரிதாக இருந்தது. ஆகவே உங்கள் குழுவில் ஒரு மாதமாக எந்தப் பிரச்சினையும் யாரும் சொல்லவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது எனக்குக் கொஞ்சம் கோபமே வரும் இடம். 'கம்யூனிகேஷன் சரியில்லை' என்று சொல்லித் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த பிள்ளைகளை இண்டர்வியூவில் கழித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே. அவர்கள் சொல்ல வருவது பெரும்பாலும் ஆங்கில உச்சரிப்பு. அது வேறு விஷயம். கடகடவென்று ஆங்கிலம் பேசி, ஒரு தடவைகூட எதிராளி பேச்சைக் காதில் வாங்காத ஆட்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். நான் பார்த்ததிலேயே ஆட்களோடு சேர்ந்து வேலை செய்யத் தெரிந்த டெவலப்பர் சுங்கை சிப்புட் பக்கத்துக்காரர், ஸ்டாண்ட்-அப் என்று தினமும் நடக்கும் குட்டி மீட்டிங்கில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார், சிரிப்பதும் அபூர்வம். ஆனால் ஒரு வேலை பிந்தப் போகிறது என்றால் அன்றைக்கே வந்து சொல்வார், ஏன் பிந்துகிறது, என்ன செய்யலாம் என்று இரண்டையும் சேர்த்து. யார் கேள்வி கேட்டாலும் நாற்காலியைத் திருப்பி உட்கார்வார். உடம்பை முழுசாகத் திருப்புவார். அவரிடம் எல்லாரும் எல்லாத்தையும் கொண்டுபோய்க் கொட்டினார்கள், ஆகவே அவர் கோடில் எங்களைவிடப் பக் குறைவாக இருந்தது. அவர் கெட்டிக்காரர் என்பதால் மட்டும் இல்லை, அவருக்குத்தான் முதலில் சேதி தெரியும்.

இப்போது கோடை ஏஐ எழுதித் தந்துவிடுகிறதே, இனி டெவலப்பரே தேவையா என்ற பேச்சும் ஓடுகிறது. இபிஎஃப் மூன்றாம் அட்டவணையை அது எனக்கு அரை நிமிடத்தில் எழுதித் தந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஒரு கம்பெனியில் 'மேல் சம்பளம்' என்று ஸ்லிப்பில் போடுவது உண்மையில் ஓவர்டைமா, பயணப் படியா, முதலாளி தீபாவளிக்குக் கொடுத்த அன்பளிப்பா என்பது அந்தக் கம்பெனிக் கணக்கருக்கு மட்டும்தான் தெரியும், அவரும் கேட்டால்தான் சொல்வார். அதைப் பொறுத்து இபிஎஃப் பிடித்தமும், தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவின் பிடித்தமும் மாறும்.

அதை எனக்குச் சொன்னதும் அதே அக்காதான். அந்த ஆறு வாரக் கூத்துக்குப் பிறகு அடுத்த வருடம் ஓவர்டைம் பகுதியை எழுத வேண்டி வந்தது. இந்தத் தடவை ஒரு வரிகூட எழுதுவதற்கு முன்னால், கீழே போய் நாலு கறிபாப்பும் அவருக்கு ஒரு தே ஓவும் கட்டி வாங்கிக்கொண்டு, ஹெட்ஃபோனை என் மேசையிலேயே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பசியாறியாச்சா என்று கேட்டேன். அவர் கறிபாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இபிஎஃப்புக்கு ஓவர்டைம் சேராது, சொக்சோவுக்குச் சேரும். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுக்கா."

"ட்ராவலிங் அலவன்ஸ்?"

நோட்டை எடுத்தேன். ஒரு மணி நேரம் சொன்னார். இரண்டு பக்கம் நிறைந்தது, அதில் பாதி எங்கள் ஸ்பெக்கில் இல்லாதது. எழுந்து வரும்போது, திரையில் திறந்து கிடந்த எங்கள் மென்பொருளைக் காட்டி,

"அந்தப் பட்டன இன்னும் நீ மேல தூக்கல" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் முதல் வேலையாக அதை மேலே ஏற்றினேன்.